முறையான நடுக்கம்

கட்டையண்ணனுக்குக் குளிரில் நடுக்கம் வராது. அவர் பெட்டி தூக்குகிற குளிர்கிடங்கில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை ஒரு குற்றம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைக்கிற கிடங்கு அது. கதவைத் திறந்தால் அடுப்பில் ஈர விறகு வைத்த மாதிரி வெள்ளையாய்ப் புகை வரும். புதிதாய் வேலைக்குச் சேருகிறவர்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு சேர்ந்து தாங்களும் ஆடுவார்கள். கட்டையண்ணன் ஆள் குள்ளம், அகலம், முன்னால் ஒரு தொப்பை. கிழிந்த ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதற்கும் பொத்தான் போடாமல், மேல்தட்டுவரை அடுக்கிவிட்டு வெளியே வருவார். வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். “பசிக்குது.” மற்றவர்களுக்கு வெடவெடவென்று வருவது அவருக்குப் பசியாக வந்தது. சாப்பிட்டார். தொப்பை வந்தது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அன்று காலை அவர் வேலைக்குப் போகவில்லை. லீவு சொல்லியிருந்தார். மகளுக்கு மலைமேல் ஓர் ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது. சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறாள். மின்விசிறியை ஒன்றில் வைத்தாலே போர்வைக்குள் புகுந்துகொள்கிற பெண் அவள். அவளுக்காக அண்ணன் ஒரு ஜாக்கெட் சேர்த்து வைத்திருந்தார். கிடங்கில் ஆளுக்கொன்று புதிதாகக் கொடுத்தது. கவரைக்கூடப் பிரிக்காமல் அங்கேயே தன் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, தான் பழைய கிழிசலிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அதை எடுக்கத்தான் அன்று கிடங்குக்கு வந்தார். அதையும், தைக்கக் கொடுப்பதற்காகப் பழைய கிழிசலையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்புகிற நேரத்தில் மேஸ்திரி மடக்கினான்.

“அண்ணே, நாளைக் காலைலேர்ந்து சர்டிஃபிகேட் இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதாம்.”

“என்ன சர்டிஃபிகேட்டு?”

“குளிர்ல நின்னா உடம்புக் கொழுப்பு எரியுதாம். அது ரொம்ப நல்லதாம். நாம இத்தனை வருஷமா அந்த நல்லதை அனுமதி இல்லாம அனுபவிச்சிருக்கோம்.”

“நான் பெட்டிதானப்பா தூக்கினேன்.”

“பெட்டி தூக்கினது வேலைண்ணே. குளிர்ல நின்னது சலுகை. ரெண்டும் வேற வேறன்னு சுற்றறிக்கைல போட்டிருக்கான்.”

“நாளைக்குப் போய் வாங்கிக்கிறேன். இன்னிக்குப் பொண்ணு ஊருக்குப் போறா.”

“நாளைக்கு சர்டிஃபிகேட் தர்ற ஆபீசுக்கு லீவு. உங்களுக்கு வேலை. சர்டிஃபிகேட் இல்லன்னா உங்க இடத்துல வேற ஆள் நிக்கும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க. அரை மணி நேர வேலைதான். போங்க, நில்லுங்க, நடுங்குங்க, வாங்கிட்டு வந்துருங்க.”

நடுங்குவது இவ்வளவு சுலபமாகச் சொல்லப்பட்டதால் அண்ணனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இடத்துக்குக் குளிர்வழிக் கொழுப்பு மேலாண்மை நிறுவனம் என்று பெயர். வாசலில் ஆளுயரப் பலகை. அதில், குளிர் உங்கள் நண்பன் என்று எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே காவலாளி மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே நுழைந்தால் கட்டடம் முழுக்கச் சில்லென்று இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். மேசைக்கு அடியில் ஒரு ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. போகிற வருகிற அலுவலர்கள் எல்லாரும் கம்பளிக்குள் இருந்தார்கள். கோப்பு தூக்கிப் போனவர் கையுறை போட்டிருந்ததால் கோப்பு இரண்டு முறை நழுவி விழுந்தது.

“குளிர் நண்பன்னு போட்டிருக்கே, நீங்க ஏம்மா இவ்வளவு போட்டிருக்கீங்க?” அண்ணன் தெரியாமல்தான் கேட்டார்.

“நாங்க நிர்வாகம். பயனாளி வேற, நிர்வாகம் வேற,” என்றார் அந்த அம்மாள். “சூடு தர்ற பொருள் எது இருந்தாலும் இங்க வெச்சிடுங்க.”

கிழிந்த ஜாக்கெட் போனது. செருப்பு போனது. சூடான டீ இருந்த ஃபிளாஸ்க் போனது. போன் சூடாகும் என்பதால் போனும் போனது. கடைசியாக அந்த அம்மாள் கவர் பிரிக்காத ஜாக்கெட்டைக் கை காட்டினார்.

“இது நான் போட்டுக்க இல்லீங்க. என் பொண்ணுக்கு.”

“யாருக்குன்னு பொருளுக்குத் தெரியாது. சூடு தருமா, தராதா?”

“தரும்.”

“அப்போ வைங்க.”

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். அது மட்டும் சில்லென்று இருந்ததால் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது.

சோதனை அறை என்பது கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. சுற்றிலும் கண்ணாடி. நடுவில் ஓர் இரும்புப் பெஞ்சு. மேலே குளிர்க்காற்று ஊதுகிற எந்திரம் ஒன்று. பேசுவதற்கு மூலையில் ஒரு ஒலிபெருக்கி. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடுக்க அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். நடுக்கம் கண்டுபிடிப்பதற்கென்றே படித்து, பரீட்சை எழுதி, அந்த நாற்காலிக்கு வந்தவர்.

“விதி ஒண்ணே ஒண்ணுதான்,” என்றார் ஒலிபெருக்கியில். “நடுக்கம் வந்தா வெளியே. நடுக்கம் வந்தாத்தான் குளிர் உங்க உடம்புக்குள்ள போயிருக்கு, கொழுப்பு அசைஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

அண்ணனோடு ஒரு முடிதிருத்துகிறவரும் உள்ளே வந்தார். அவருடைய கடையில் ஏசி போட்டுவிட்டாராம், அதனால் அவரும் சலுகைக்குள் வந்துவிட்டாராம். பெஞ்சில் உட்கார்ந்ததும் இரும்பு பட்டு அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நிமிஷம் தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“மிக நன்று,” என்றது ஒலிபெருக்கி. “தாடை, தோள், முழங்கால். வரிசை சரியா இருக்கு. நீங்க போகலாம்.”

முடிதிருத்துகிறவர் எழுந்தார். “வ்-வரேன்ணே,” என்றார். “சீக்கிரம் ந்-நடுங்கிட்டு வாங்க. வெளிய டீ சொல்லி வைக்கிறேன்.”

அவர் சொல்லி வைத்த டீ ஆறியது. கடைக்காரன் அதை ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவினான். மதியச் சாப்பாட்டு நேரமும் வந்து போனது. அண்ணன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கிடங்கோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அங்கே பெட்டியாவது இருக்கும். இங்கே தூக்குவதற்கும் எதுவும் இல்லை.

“ஐயா, எனக்கு இது வராதுங்க. பழகிப்போன உடம்பு,” என்றார்.

“வராதுன்னு ஒண்ணு கிடையாது. வரல, அவ்வளவுதான். வர்றவரைக்கும் இருங்க.”

“சாயங்காலம் பொண்ணு பஸ் ஏறுறாங்க. அந்த ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“அப்போ சீக்கிரம் நடுங்குங்க.”

அண்ணன் யோசித்தார். முடிதிருத்துகிறவர் எப்படி ஆடினார் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். இரண்டு கையையும் இறுக்கினார், தோளைக் குலுக்கினார், பல்லைக் கடகடவென்று அடித்தார். சாமான் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி மொத்த உடம்பையும் உலுக்கினார்.

நடுக்க அலுவலர் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“இது செயற்கை. தோள் முதல்ல ஆடிச்சு, தாடை அப்புறம் வந்துச்சு. இயற்கைல தாடைதான் முதல்ல. நான் இதுல தங்கப் பதக்கம் வாங்கினவன், என்கிட்டயேவா?”

“தப்புதாங்க. இப்ப தாடையை முதல்ல ஆட்டுறேன்.”

“சொல்லிட்டு ஆட்டினா அது இன்னும் செயற்கை. செயற்கை நடுக்கத்துக்கு என்ன விதின்னா, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். குளிரையும் ஒரு படி கூட்டணும்.”

கூட்டினார். மேலே இருந்த எந்திரம் உறுமியது. அண்ணனுக்குப் பசி கூடியது.

“ஐயா, எனக்குச் சர்டிஃபிகேட்டே வேணாம். கதவைத் திறந்துவிட்டா போதும். வேலை போனா போகட்டும்.”

இதைக் கேட்டு நடுக்க அலுவலர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “அப்படிப் பாதில போறவங்களை நாங்க ‘பலன் துறந்தோர்’னு ஒரு படிவத்துல எழுதிக் கையெழுத்து வாங்கணும். அந்தப் படிவம் இன்னும் அச்சாகி வரல. வந்திருந்தா உங்களை இப்பவே விட்டுருப்பேன். எனக்கும் மனசு இருக்கு.”

இந்த மாதிரி ஓர் ஆள் உள்ளே இருக்கிறார் என்ற செய்தி மாடிக்குப் போனது. இயக்குநரே இறங்கி வந்தார். கோட்டு, அதற்குமேல் இன்னொரு கோட்டு, கம்பளித் தொப்பி. பயனாளிகள் சோர்வடையும்போது அவர்களோடு உள்ளேயே நின்று ஊக்க உரை ஆற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் வழக்கம். பயனாளியும் இயக்குநரும் சமம் என்று காட்டுவதற்காகக் கோட்டுகளைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உதவியாளர் அவற்றைப் பிரித்துப் பிடித்தபடி கதவிலேயே நிற்பார்.

“பயனாளியே,” என்று ஆரம்பித்தார் இயக்குநர். அறையில் ஓர் ஆள்தான் இருந்தார். ஆனாலும் அவர் பார்வை பெரிய கூட்டத்தைப் பார்ப்பதுபோல் இடமும் வலமும் போய் வந்தது. “மனித உடம்பிலே இரண்டு கொழுப்பு உண்டு. ஒன்று வெள்ளைக் கொழுப்பு. அது உட்கார்ந்த இடத்திலேயே சேரும். ஒரு வேலையும் செய்யாது. ஏன் சேர்கிறாய் என்று கேட்டால், எதிர்காலத்துக்குச் சேமிப்பு என்று பதில் சொல்லும். மற்றொன்று பழுப்புக் கொழுப்பு. கழுத்துக்குப் பின்னால், தோளுக்கு நடுவிலே, கொஞ்சமே கொஞ்சம் இருக்கும். குளிர் வந்தால் அதுதான் தன்னை எரித்து மொத்த உடம்பையும் சூடாக வைக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதுகூட இல்லை. நம் நிறுவனத்தின் கொள்கையும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. மேலே நாங்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறோம். கீழே நீங்கள் எரிந்துகொண்டே இருக்கிறீர்கள். அதனால் உடம்பு ச்-ச்-சமநிலையில்...”

தாடை முதலில் வந்தது. பிறகு தோள். பிறகு முழங்கால்.

“இயற்கை நடுக்கம்,” என்றது ஒலிபெருக்கி பரவசமாக. “முதல் தரம் ஐயா. வரிசை கொஞ்சமும் பிசகல.”

இயக்குநர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். கோட்டுகள் இரண்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. அங்கேயே அவருக்கு ஒரு சர்டிஃபிகேட் எழுதித் தரப்பட்டது. மாடியில் அவர் அறைச் சுவர் முழுக்க அந்த மாதிரி சர்டிஃபிகேட்டுகள்தான் என்று கேள்வி. நிறுவனத்தின் பயனாளிகளிலேயே அதிகம் பயனடைந்தவர் அவர்தான்.

கோட்டுக்குள் போனதும் அவருக்கு யோசனை வந்தது. ஒலிபெருக்கி பொத்தானை அணைக்காததால் அவர்கள் பேசியதெல்லாம் அண்ணனுக்கும் கேட்டது.

“ஆளு வயித்தைப் பார்த்தீங்களா?” என்றார் இயக்குநர். “குளிர்ல இருந்தா தொப்பை கரையும். இது நம்ம நிறுவனத்தோட அடிப்படை. இவருக்குத் தொப்பை இருக்கு. அப்போ இவர் குளிர்லயே இருந்ததில்ல. பொய் சொல்றார்.”

“ஐயா, நான் கிடங்கு ஆளுங்க,” என்று அண்ணன் உள்ளிருந்து சத்தம் கொடுத்தார். “குளிர்ல நின்னா பசிக்குது. பசிச்சா தின்னுடுறேன். அவ்வளவுதாங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பசி நம்ம துறை இல்ல,” என்றார் இயக்குநர். “அது பக்கத்துக் கட்டடம்.”

நடுக்க அலுவலர் ஒருமுறை செருமினார். “சார், ஒரு சந்தேகம். பழகின உடம்புல பழுப்புக் கொழுப்பே போதிய சூட்டைக் குடுத்துடுச்சுன்னா, நடுக்கம் வேண்டியிருக்காதோ? இவர் நடுங்காம இருக்கறதே பலன் கிடைச்சதுக்கு அடையாளமா இருக்கலாமே?”

இயக்குநர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “இருக்கலாம்,” என்றார் நிதானமாக. “அப்படியே வெச்சுக்குவோம். அப்போ நடுக்க அலுவலர்னு ஒரு பதவி எதுக்கு?”

நடுக்க அலுவலருக்குத் தாடை லேசாக ஆடியது. அன்று அவருக்குச் சர்டிஃபிகேட் தருவதற்கு யாரும் இல்லை.

“குளிரை இன்னொரு படி கூட்டுறேன் சார்,” என்றார்.

அதற்குப் பிறகு நேரம் எப்படிப் போனது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் கடிகாரம் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு சின்ன சன்னல் இருந்தது. அது வழியாகத் தரையில் விழுந்த வெயில் நகர்ந்து நகர்ந்து, நடுக்க அலுவலரின் நாற்காலிக் காலைத் தொட்டு, அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து நடந்து பார்த்தார். நான்கு எட்டு வைத்தால் கண்ணாடி. திரும்பி நான்கு எட்டு வைத்தால் கண்ணாடி. கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளலாமா என்று நினைத்தார். எத்தனையோ கனத்த பெட்டியைத் தள்ளிய தோள். ஆனால் ஆபீஸ் கதவைத் தள்ளி அதற்குப் பழக்கம் இல்லை. மகள் இந்நேரம் பெட்டியைக் கட்டியிருப்பாள். மேலே ஜாக்கெட்டுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டும்மா என்று காலையில் அவர்தான் சொல்லிவிட்டு வந்தார்.

வெயில் சுவரில் ஏற ஆரம்பித்தபோது அவர் மனைவி வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் அவள் குரல் கேட்டது, பிறகுதான் ஆள் தெரிந்தது.

“அங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட நிக்கறா, போன் அடிச்சா எடுக்கல, கிடங்குல கேட்டா இங்கன்றாங்க. நீங்க என்னன்னா ஜவுளிக்கடை பொம்மை மாதிரி கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கீங்க.”

“நடுக்கம் வரலயாம்.”

“என்ன வரல?”

“நடுக்கம். வந்தாத்தான் விடுவாங்களாம்.”

அவள் நடுக்க அலுவலர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இவரு எதுக்குமே நடுங்க மாட்டாருங்க. எங்கப்பா கத்தியை எடுத்துக்கிட்டு இவரை வெட்ட வந்தப்ப, சாப்பிட்டீங்களா மாமான்னு கேட்ட ஆளு. இவர்கிட்ட போய் நடுக்கம் எதிர்பார்த்தா எப்படி?”

“அப்போ அவர் பயப்படுற விஷயம் எதுவும் இல்லையாம்மா?”

“இருக்கு. நான் சமைக்கலன்னு சொன்னா பயப்படுவாரு.”

“அது செல்லாது. பயத்துல வர்ற நடுக்கம் வேற பிரிவு. குளிர் நடுக்கம் மட்டும்தான் எங்க பிரிவு.”

“சரி, அவரை வெச்சுக்குங்க. ஜாக்கெட்டையாவது குடுங்க, நான் ஓடிப்போய்ப் பிள்ளைகிட்ட குடுத்துடறேன்.”

வரவேற்பு அம்மாள் மேசையைவிட்டு எழுந்து வந்தார். காலுக்கு ஹீட்டர் இல்லாததால் சுருக்கமாகப் பேசினார். “டோக்கன் வேணும்.”

அண்ணன் டோக்கனைக் கதவுக்கு அடியில் தள்ளினார். அது தரையில் கிணுகிணுவென்று சுழன்று வந்து அந்த அம்மாள் காலடியில் விழுந்தது. அவர் குனியவில்லை.

“பொருளுக்கு உரியவர் நல்ல வெதுவெதுப்பான நிலைமைல இருந்து டோக்கனைக் குடுக்கணும். குளிர்ல இருக்கறவர் எடுக்கற முடிவு அவருக்கு எதிரா போயிடக் கூடாது இல்லையா? உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“இவரு வெளிய வந்தாத்தான் ஜாக்கெட்டு.”

“ஆமாம்.”

“நடுங்கினாத்தான் வெளிய.”

“ஆமாம்.”

“ஜாக்கெட் இல்லாம இருந்துகிட்டே நடுங்க மாட்டேங்கறாரு. நீங்க ஜாக்கெட்டைக் குடுத்தா மட்டும் நடுங்கிடவா போறாரு? அதைப் பிடிச்சு வெச்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?”

“இந்தக் கேள்வியை எழுத்துல குடுத்தா மேல அனுப்பறேன்,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஹீட்டருக்குத் திரும்பினார்.

மனைவி கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். கண்ணாடி சில்லிட்டதும் கையை எடுத்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் வைத்தாள். அந்தப் பக்கத்தில் அண்ணனும் கையை வைத்தார். அவருக்கு அது ஒன்றும் சில்லென்று இல்லை.

இதற்குள் கட்டடத்தில் ஒரு பரபரப்பு தொற்றியிருந்தது. மேசை இழுப்பறைகள் சாத்துகிற சத்தம், ஹீட்டர்கள் அணைக்கிற சத்தம், டிபன் பாக்ஸ் கூடைக்குள் போகிற சத்தம். ஆபீஸ் மூடுகிற நேரம். நடுக்க அலுவலர் மணிக்கட்டைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக இருந்தார். உள்ளே ஒரு பயனாளி இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போக முடியாது. அவர் போகாவிட்டால் காவலாளியும் போக முடியாது. அன்றைக்கு முதன்முறையாகக் கண்ணாடிக்கு வெளியேயும் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்,” என்றார் ஒலிபெருக்கியில். குரலில் கெஞ்சல் இருந்தது. “தாடை மட்டும் ஆடினாக்கூட நான் மத்ததைப் பார்த்துக்கறேன்.”

அந்த நேரத்தில்தான் மனைவியின் போன் அடித்தது. எடுத்தாள். “ஒரு நிமிஷம் இருடி,” என்று சொல்லி, நடுக்க அலுவலரின் அனுமதி எதையும் கேட்காமல், போனை அவர் மேசைமேல் இருந்த மைக்கில் வைத்து அழுத்தினாள்.

அறை முழுக்க மகளின் குரல் வந்தது.

“அப்பா, பஸ் எடுத்துட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம்கூட நிக்க மாட்டேன்னுட்டாரு டிரைவரு. ஜாக்கெட்டுக்காக ஒண்ணும் வருத்தப்படாதீங்க. போய் வாங்கிக்கறேன்.”

“சரிம்மா,” என்றார் அண்ணன். “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு,” என்றார் அண்ணன்.

“இங்க ஏசி நேரா தலைமேல அடிக்குதுப்பா. திருப்பி விடலாம்னா மூடி உடஞ்சு கிடக்கு. மாறி உக்கார இடம் இல்ல. துப்பட்டாவைச் சுத்திட்டு உக்காந்திருக்கேன். இப்பவே ப்-பல்லு அடிக்குது எனக்கு. நீங்க இருந்தா சிரிப்பீங்க.”

அவள் சொன்ன அந்தப் ‘பல்லு’ இரண்டாக உடைந்து ஒலிபெருக்கியில் விழுந்தது. பஸ் சத்தம் பெரிதாகி, குரல் விட்டு விட்டு வந்து, நின்றுபோனது.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் தாடை ஆடியது. வாயை இறுக்கி மூடிப் பார்த்தார். நிற்கவில்லை. தோள் குலுங்கியது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. முகத்தைக் கையால் பொத்தினார். கையும் சேர்ந்து ஆடியது.

நடுக்க அலுவலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வந்துருச்சு,” என்றார். “தாடை, தோள், முழங்கால். என்ன ஒரு வரிசை. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல.”

“அது குளிர் இல்லய்யா,” என்றாள் மனைவி. அவள் குரல் தணிந்திருந்தது.

“இந்த அறைல வர்ற நடுக்கம் எல்லாம் குளிர்தாம்மா,” என்று சொல்லிக்கொண்டே அவர் முத்திரையைத் தேடி எடுத்தார். தாழ்ப்பாளைத் திறந்து, தன் கையாலேயே அண்ணனைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார். உண்மையான சந்தோஷம் அவருக்கு. “இதைக் காலைலயே செஞ்சிருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்குமே.”

சர்டிஃபிகேட் நல்ல கெட்டி அட்டை. ஓரத்தில் பொன்னிறக் கோடு. இதன்மூலம் தெரிவிப்பது யாதெனில், மேற்படியார் குளிரின் பலனை முழுமையாக அடைந்தார், அன்னாரின் கொழுப்பு கரைந்ததாகக் கருதப்படுகிறது என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கையெழுத்து. காயாத மை. வரவேற்பு அம்மாள் கிளம்புகிற அவசரத்தில் தரையில் கிடந்த டோக்கனைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு பொருள்களை ஒப்படைத்தார். ஃபிளாஸ்க்கில் டீ ஜில்லிட்டிருந்தது. புது ஜாக்கெட் கவர் பிரியாமல் அப்படியே இருந்தது.

வெளியே வந்தார்கள். தெரு இன்னும் அனலாகத்தான் இருந்தது. காவலாளி மஃப்ளரை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குத்தானே?” என்றாள் மனைவி.

அண்ணன் ஜாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“நாளைக் காலைல உங்களுக்கு வேலை. இவ்வளவு பட்டு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கீங்க.”

“ஆமா.”

“அந்த ஊருக்குப் பஸ் விடிஞ்சாத்தான் போய்ச் சேரும்.”

“சேரட்டும்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஸ்டாண்டில் அடுத்த பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறினார்கள். கடைசி வரிசைக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் மனைவி கைகளைக் கட்டி, தோளைக் குறுக்கி, சன்னலோடு ஒடுங்கிவிட்டாள். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஏசி ஓட்டை. இதிலும் மூடி இல்லை.

“ஜாக்கெட்டைப் போட்டுக்க.”

“வேணாம். பிரிச்சா மடிப்புப் போயிடும். புதுசா அவ கைல குடுக்கணும்.”

“நடுங்குறியே.”

“உங்களை மாதிரி சர்டிஃபிகேட் வாங்கின உடம்பா எனக்கு?”

அண்ணன் சட்டைப்பையில் சுருட்டி வைத்திருந்த சர்டிஃபிகேட்டை எடுத்தார். இரண்டாக மடித்தார். போதவில்லை. நான்காக மடித்து, எழுந்து நின்று, அந்த ஓட்டைக்குள் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். பெட்டி அடுக்கிய கை. சரியாக உட்கார்ந்தது. பொன்னிறக் கோடு மட்டும் வெளியே தெரிந்தது.

மனைவி மெல்ல நிமிர்ந்தாள். தோள் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்மேல் சாய்ந்துகொண்டாள்.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் மேலே பார்த்து நின்றார். “அது என்னங்க அங்க?”

“சர்டிஃபிகேட்டுங்க.”

“என்ன சர்டிஃபிகேட்டு?”

“குளிருக்குக் குடுத்தாங்க.”

கண்டக்டர் ஓட்டைக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தார். காற்று வரவில்லை.

“பரவாயில்லையே,” என்றார். “நல்லா அடைக்குது.”